ஒட்டுவதற்கும் நுழைவதற்கும் நடுவே

காலராக் கிருமி நம் செல்லுக்குள் நுழைவதே இல்லை. குடலின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு, வெளியிலேயே பெருகி, வெளியிலேயே கழிந்துபோகிறது. தொண்டை அடைப்பான் என்று நாம் சொல்லும் டிப்தீரியாவின் கிருமியும் பெரும்பாலும் தொண்டையைத் தாண்டுவதில்லை. ஆனால் பிள்ளை இதயம் பழுதாகிச் சாகிறது. ரண ஜன்னிக் கிருமி ஆணி குத்திய இடத்திலேயே கிடக்கிறது. தாடை மட்டும் இறுகிக்கொண்டே போகிறது. இந்த மூன்றிலும் உள்ளே போய் வேலையைச் செய்வது கிருமி சுரக்கும் நச்சுதான்.

ஆய்வக நுட்பப் பட்டயமான டி.எம்.எல்.டி. படிக்கும் பிள்ளைகளுக்கு முதல் வகுப்பில் இதைச் சொல்லித்தான் தொடங்குவேன். பூந்தமல்லியில் கரையான்சாவடி சந்திப்பிலிருந்து ஆவடி ரோட்டில் திரும்பினால், ஒரு மருந்துக்கடையின் மாடியில் எங்கள் ஆய்வகம். காலையில் சாம்பிள் வாங்குவது, பகலில் கல்ச்சர், சாயங்காலம் பக்கத்துப் பயிற்சி நிலையத்தில் வகுப்பு என்று என் வாழ்க்கை இந்த ஒரு கிலோமீட்டருக்குள் அடங்கிவிட்டது. முப்பது வருடத்துக்கு மேலாக நுண்ணுயிரியல் ஆய்வக வேலை. அதில் நான் கற்றதில் பெரும்பகுதி ஒரே விஷயத்தைப் பற்றியது. நச்சு செல்லைப் பிடிப்பதற்கும் அதற்குள் போவதற்கும் நடுவே உள்ள நேரம் மிகக் குறைவு. நம்மிடம் உள்ள மருந்துகளில் எது எப்போது பயன்படும் என்பதை அந்த நேரம்தான் தீர்மானிக்கிறது.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில்தான் 1992 வந்தது. அப்போது சென்னையில் ஒரு மருத்துவமனை ஆய்வகத்தில் இருந்தேன். இங்கிருந்து பஸ் பிடித்துப் போய்வருவேன். அக்டோபர் மழையோடு வாந்தி பேதிக் கேஸ்கள் வரத் தொடங்கின. அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி மலம் என்று பாடப்புத்தகத்தில் போட்டிருக்கும். பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தால் அப்படியேதான் இருந்தது. குழி ஸ்லைடின் விளிம்பில் வாசலின் தடவி, ஒரு சொட்டைக் கவர் ஸ்லிப்பில் தொங்கவிட்டுப் பார்த்தால் காலரா இனத்து விப்ரியோ கிருமி அம்புபோல் பாய்கிறது. கார பெப்டோன் வாட்டரில் வளர்கிறது. டி.சி.பி.எஸ். பிளேட்டில் மஞ்சள் காலனி. ஆக்சிடேஸ் பாசிட்டிவ். எல்லாம் காலரா என்றுதான் சொல்கின்றன. ஓ1 ஆன்டிசீரத்தில் ஒரு துளி கலந்தால் மட்டும் கட்டியாகவில்லை. ஸ்லைடை எத்தனை முறை ஆட்டினாலும் பால் மாதிரி கலங்கலாகவே நின்றது.

அதுவரை தொழிலில் எல்லோருக்கும் ஒரு நம்பிக்கை இருந்தது. ஓ1 வகை விப்ரியோ மட்டுமே கொள்ளைநோயாகப் பரவும். மற்றவை அங்கங்கே ஒன்றிரண்டு பேருக்குப் பேதி தரும், அவ்வளவுதான். ஆனால் இங்கே பெரியவர்கள் கூட்டம் கூட்டமாக விழுந்தார்கள். வேலூரிலும் மதுரையிலும் அதே கதை. கொல்கத்தாவுக்குப் போய், வங்கதேசத்துக் கடற்கரை வரைக்கும் போனது. அறியப்பட்ட 138 ஓ வகைகளின் ஆன்டிசீரம் எதிலும் அது கட்டியாகவில்லை. 139-வது என்று எண் கொடுத்து, வங்காள விரிகுடாவை நினைத்து ‘ஓ139 பெங்கால்’ என்று 1993-ல் பெயர் வைத்தார்கள். அது முதலில் கண்ணில் பட்ட ஊர் மெட்ராஸ்.

கிருமியின் மேல்சட்டை மாறியிருந்தது. உள்ளேயிருந்த நச்சு மாறவில்லை. மேல்சட்டைக்கு எதிராக உடம்பு பழகிவைத்திருந்த எதிர்ப்பு, சட்டை மாறியதும் உதவாமல் போனது. அதனால்தான் வழக்கமாகக் காலராவைத் தாங்கிக்கொள்ளும் பெரியவர்களும் விழுந்தார்கள். ஆளை வற்றவைத்தது அதே பழைய காலரா நச்சு. கிருமிக்கு ஊர் வைக்கும் பெயர் அதன் மேற்பரப்பைப் பார்த்து வருகிறது, நோயின் போக்கோ அதன் நச்சால் அமைகிறது. அந்த மழைக்காலத்தில் நான் பார்த்துத் தெரிந்துகொண்டது இது.

அந்த நச்சைக் காட்டிக்கொடுத்தவர் கொல்கத்தாவின் சம்பு நாத் தே. இவரைப் பற்றிப் பேசாமல் காலரா வகுப்பை நான் முடித்ததில்லை. 1884-ல் ராபர்ட் கோக் கொல்கத்தாவில் கிருமியைக் கண்டு அறிவித்துவிட்டார்; அது ஏதோ விஷத்தைச் சுரக்கிறது என்றும் ஊகித்தார். பிறகு வந்த பலரும் கிருமியையோ அதன் சாற்றையோ விலங்கின் ரத்தத்திலும் வயிற்றறையிலும் ஊசி போட்டுப் பார்த்தார்கள். காலரா வரவில்லை. தே கேட்ட கேள்வி எளியது: நோய் நடப்பது குடலுக்குள் என்றால் சோதனையும் குடலுக்குள் அல்லவா நடக்க வேண்டும்? முயலின் சிறுகுடலில் ஒரு துண்டை இரண்டு பக்கமும் நூலால் கட்டி, நடுவே கிருமியைச் செலுத்தினார். மறுநாள் அந்தத் துண்டு மட்டும் நீர் கோத்து உப்பியிருந்தது. இது 1953. அடுத்த படிதான் பெரிய படி. கிருமியை முழுக்க வடிகட்டி எடுத்துவிட்டு, அது வளர்ந்த திரவத்தை மட்டும் செலுத்தினார். அப்போதும் குடல் உப்பியது. ஒரு கிருமிகூட இல்லாமல் காலரா! 1959-ல் ‘நேச்சர்’ இதழில் வெளிவந்த சிறு கட்டுரை அது. 1978-ல் ஸ்டாக்ஹோமில் காலராவுக்காக நடந்த நோபல் கருத்தரங்குக்கு அவரை அழைத்தார்கள். ஜோஷுவா லெடர்பெர்க் அவரை நோபல் பரிசுக்கே பரிந்துரைத்தவர். பரிசு வரவில்லை, 1985-ல் தே காலமானார். எங்கள் தொழிலில் இருக்கும் ஒவ்வொருவரும் அவர் படத்தை மாட்டிவைக்க வேண்டும் என்பது என் ஆசை. எங்கள் இன்குபேட்டருக்கு மேல் மாட்டிவைத்திருக்கிறேன்.

சரி, அந்த நச்சு எப்படி உள்ளே போகிறது?

காலரா நச்சில் இரண்டு பாகம். ‘பி’ என்ற ஐந்து ஒரே மாதிரித் துண்டுகள் வளையமாக அமைந்திருக்கும். நடுவே ‘ஏ’ என்ற ஒரு துண்டு. பிடிப்பது ‘பி’யின் வேலை, கெடுப்பது ‘ஏ’யின் வேலை. குடல் செல்லின் மேலுறையில் ஜிஎம்1 என்றொரு கொழுப்பு-சர்க்கரைப் பொருள் உண்டு. ஐந்து ‘பி’யும் ஆளுக்கொரு ஜிஎம்1-ஐப் பிடிக்கும். ஐந்து விரலால் பற்றிய பிடி அது. ஒரு விரல் வழுக்கினாலும் மற்ற நான்கும் விடாது. அதனால்தான் பெருகி ஓடும் குடல்நீரில்கூட நச்சு அடித்துக்கொண்டு போவதில்லை.

இப்படி நச்சு எதையாவது பிடித்தாக வேண்டும் என்ற எண்ணம் மூலக்கூறுகளைப் படமெடுக்கும் காலத்துக்கு வெகு முன்பே வந்துவிட்டது. 1898-ல் வாசர்மேனும் தகாகியும் ரண ஜன்னி நச்சை எடுத்து, விலங்கின் மூளையை அரைத்த கலவையோடு சேர்த்து, பிறகு ஊசி போட்டார்கள். விலங்குகள் பிழைத்தன. மூளைத் திசு நச்சை உறிஞ்சிப் பிடித்துக்கொண்டது. நரம்பைத் தாக்கும் நச்சுக்கு நரம்பில் ஒரு பிடிப்பு இருக்கிறது என்பதற்கு அதைவிட நேரான சாட்சி வேண்டுமா? எழுபது வருடங்களுக்கும் மேல் கழித்து, 1971-ல் வான் ஹெய்னிங்கன் அதே உத்தியைக் காலரா நச்சுக்குக் கொண்டுவந்தார். மூளையிலிருந்து எடுத்த கேங்கிலியோசைடு காலரா நச்சைச் செயலற்றதாக்கியது. அந்த நூல்முனையைப் பிடித்துப் போனதில்தான் ஜிஎம்1 கிடைத்தது.

நான் பிள்ளைகளிடம் அழுத்திச் சொல்வது, ஜிஎம்1 நச்சுக்காக இருப்பதல்ல. அது செல்லின் சொந்தப் பொருள், செல்லுக்குத் தேவையான பொருள். டிப்தீரியா நச்சு பிடிப்பது எச்.பி.-ஈ.ஜி.எப். என்ற வளர்ச்சிக் காரணியின் முன்வடிவத்தை. இதயம் ஒழுங்காக இயங்க அந்தப் புரதம் வேண்டும். ஆகவே அந்தப் பொருளை எடுத்துவிட்டு உடம்பைக் காப்பாற்றலாம் என்ற யோசனைக்கு இடமில்லை. நச்சு நம்மைப் பிடிப்பதற்கு முன்னால் நாம் நச்சைப் பிடித்தாக வேண்டும்.

பிடித்த பிறகு நடப்பது இன்னும் வியப்பானது. செல் தன் மேலுறையை அவ்வப்போது உள்நோக்கி மடித்துச் சிறு பைகளாக இழுத்துக்கொள்ளும். அது செல்லின் அன்றாட வேலை. அந்தப் பையோடு காலரா நச்சும் உள்ளே போகிறது. புரதங்கள் வழக்கமாகப் போகும் திசைக்கு எதிராக, கால்ஜி அமைப்பைக் கடந்து, புரதம் தயாராகும் இடமான உள்வலைப்பின்னல் வரை பின்னோக்கிப் பயணிக்கிறது. ‘ஏ’ துண்டின் வாலில் நான்கு அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு அடையாளம் இருக்கிறது. உள்வலைப்பின்னலை விட்டுத் தப்பிவந்த சொந்தப் புரதங்களைத் திருப்பி அனுப்பச் செல் வைத்திருக்கும் அதே அடையாளம். அங்கே போனதும் ‘ஏ1’ என்ற பகுதி கழன்று, உருக்குலைந்து நிற்கிறது. சரியாக மடியாத புரதங்களை வெளியே தள்ளி அழிக்கச் செல்லுக்கு ஒரு ஏற்பாடு உண்டு. அந்த ஏற்பாடு ‘ஏ1’-ஐயும் கழிவென்று எண்ணி வெளியே, செல்லின் சாற்றுக்குள், தள்ளிவிடுகிறது. அழிக்க வேண்டியவற்றுக்குச் செல் வைக்கும் குறி லைசின் என்ற அமினோ அமிலத்தின் மேல்தான் ஏறும். ‘ஏ1’-ல் லைசின் மிகக் குறைவு. குறி ஏறுவதில்லை. தப்பிவிடுகிறது. மீண்டும் மடிந்து உயிர்பெறுகிறது.

ஒட்டியதிலிருந்து இதுவரைக்கும் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுமே நடக்காதது போலிருக்கும். அதன் பிறகு ‘ஏ1’ ஜி-புரதம் ஒன்றை அணைக்க முடியாத விளக்காக எரியவிட்டு, செல்லுக்குள் சைக்ளிக் ஏ.எம்.பி.யைப் பெருக்குகிறது. குளோரைடு வெளியேறும் பாதை திறந்தபடி நிற்கிறது. உப்பு போகிறது, உப்பைத் தொடர்ந்து தண்ணீர் போகிறது. கடுமையான காலராவில் ஒரு பெரியவரிடமிருந்து மணிக்கு ஒரு லிட்டர் வரை போகலாம்.

சில வருடங்களுக்கு முன் ஒரு மழைக்காலம். முல்லைத்தோட்டம் பக்கமிருந்து பேரனின் மலத்தைப் பாட்டிலில் கொண்டுவந்த ஒரு பாட்டி, நான் விளக்கியதை முழுக்கக் கேட்டுவிட்டுக் கேட்டார்:

“ஏம்மா, உள்ள போன விஷத்த வெளிய எடுக்க ஊசி கீசி ஒண்ணும் இல்லியா?”

“இல்ல ஆயா. போனது போனதுதான். ஆனா அந்த செல்லே நாலஞ்சு நாள்ல உதிர்ந்துரும். அதுவரைக்கும் தண்ணி வத்தாம பாத்துக்கணும்.”

“அப்ப புள்ளைக்கு உப்பு சக்கர தண்ணி குடுத்தா அதுவும் அப்படியே வெளிய போயிடாதா?”

மருத்துவ மாணவர்கள் கேட்கத் தவறும் கேள்வி அது. திறந்துகிடக்கும் பாதையில் தண்ணீர் ஓடும்போது வாய்வழி ஊற்றுவது எப்படி உடம்பில் தங்கும்? குடல் செல்லில் சோடியத்தையும் குளுக்கோஸையும் ஜோடியாக உள்ளே இழுக்கும் இன்னொரு வழி இருக்கிறது. 1960-ல் ராபர்ட் கிரேன் அதைச் சொன்னார். காலரா நச்சு அந்த வழியைத் தொடுவதில்லை. நச்சு ஒரு பக்கம் உப்பை வெளியே தள்ளிக்கொண்டிருக்கும்போதே, சர்க்கரையோடு சேர்ந்த உப்பு இன்னொரு பக்கம் உள்ளே போகும், தண்ணீரும் கூடவே போகும். அதனால் சர்க்கரை இல்லாத உப்புத் தண்ணீர் பயன்படாது. சர்க்கரை மிஞ்சினாலோ பேதி கூடும். இப்போதைய பாக்கெட்டில் லிட்டருக்குச் சோடியம் 75, குளுக்கோஸ் 75 மில்லிமோல் என்று கணக்காக வைத்திருப்பது அதற்காகத்தான். ஒரு பாக்கெட்டுக்கு ஒரு லிட்டர். அரை டம்ளரில் கரைப்பதும் கூடாது, இரண்டு லிட்டராக நீட்டுவதும் கூடாது. இதை ஆயாவுக்கு அளவுச் சொம்பை வைத்துக் காட்டினேன்.

1971-ல் வங்கதேசப் போரின் அகதிகள் நிறைந்த பங்காவ் முகாமில் சலைன் தீர்ந்துபோனபோது, திலீப் மகலானபிஸ் உப்பு, சர்க்கரை, சோடாவைக் கலந்து டிரம்மில் வைத்து, உறவினர்களையே குவளையில் மொண்டு கொடுக்கச் சொன்னார். நூற்றுக்கு முப்பது பேர் வரை செத்துக்கொண்டிருந்த இடத்தில் சாவு 4 சதவீதத்துக்கும் கீழே வந்தது. உள்ளே போன நச்சில் ஒரு மூலக்கூறைக்கூட அவர் வெளியே எடுக்கவில்லை. குடல் உட்சுவரின் செல்கள் சில நாட்களுக்கு ஒருமுறை உதிர்ந்து புதிதாக முளைப்பவை. நச்சேறிய செல்கள் தானே போய்விடும். அதுவரை ஆளை உயிரோடு வைத்திருந்தால் போதும்.

இந்தச் சலுகை குடலுக்கு மட்டும்தான். இதயத் தசையும் நரம்பும் நாலு நாளில் உதிர்ந்து முளைப்பவை அல்ல. டிப்தீரியா என்றால் எனக்குள் வேறு மாதிரிப் பதற்றம் வருவதன் காரணம் அதுதான்.

தொண்டையில் சாம்பல் நிறப் படலம், கழுத்து வீங்கிய பிள்ளை, ஒரு ஸ்வாப். ஆல்பர்ட் ஸ்டெயினில் பச்சைக் குச்சிகளும் முனையில் கருநீலப் புள்ளிகளும் தெரியலாம். ஆனால் தொண்டையில் வாழும் சாதுவான உறவினர்களும் கிட்டத்தட்ட அப்படித்தான் தெரியும். லோஃப்ளர் சீரம் ஸ்லோப்பில் ஆறு முதல் எட்டு மணி நேரத்தில் வளர்ச்சி வரும். டெல்யூரைட் பிளேட்டில் கறுத்த காலனி தெரிய இரண்டு நாள். அதற்கு மேல் அது நச்சு சுரக்கும் ரகமா என்று எலெக் சோதனை. ஸ்டீபன் எலெக் 1949-ல் தந்த முறை: நச்சுமுறியில் நனைத்த காகிதப் பட்டையைப் பிளேட்டில் பதித்து, அதற்குக் குறுக்கே கிருமியைக் கீறிவிட்டால், நச்சும் முறியும் சந்திக்கும் இடத்தில் மெல்லிய வெள்ளைக்கோடு விழும். மீடியத்தில் இரும்புச்சத்து கூடிவிட்டால் கோடு வராது. இரும்பு குறைந்தால்தான் இந்தக் கிருமி நச்சைச் சுரக்கும். நல்ல டெக்னீஷியன் கையில்கூட இந்த வரிசை முடிய மூன்று நான்கு நாட்கள் ஆகும். எங்களைப் போன்ற சின்ன ஆய்வகங்கள் எலெக் வரை போவதில்லை. கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட் போன்ற பெரிய இடத்துக்கு அனுப்ப வேண்டியதுதான்.

இதற்கிடையே நச்சு என்ன செய்கிறது? ரத்தத்தில் கலந்து இதயத் தசைக்கும் நரம்புக்கும் போய், எச்.பி.-ஈ.ஜி.எப்.-ஐப் பிடித்து, பைக்குள் மடிக்கப்படுகிறது. காலரா நச்சு போன நீண்ட சுற்றுவழி இதற்கு இல்லை. செல் தன் பைகளுக்குள் அமிலத்தை ஏற்றும். அந்த அமிலம் பட்டதும் டிப்தீரியா நச்சின் நடுப்பகுதி விரிந்து, பையின் சவ்வில் செருகித் துளையிடுகிறது; அந்தத் துளை வழியே ‘ஏ’ துண்டு வெளியே நழுவுகிறது. ஆய்வகத்தில் செல்களுக்கு அம்மோனியம் குளோரைடோ குளோரோகுயினோ கொடுத்துப் பையின் அமிலத்தைத் தணித்துவிட்டால் நச்சு பைக்குள்ளேயே சிறைப்பட்டுவிடும். நுழைவதற்கு அமிலம் தேவை என்பது அப்படித்தான் உறுதியானது. மனிதருக்கு அது சிகிச்சை ஆகாது. ஆனால் பிடிப்பது வேறு, நுழைவது வேறு, இரண்டையும் தனித்தனியே தடுக்கலாம் என்பதை இதைவிடத் தெளிவாக எந்தச் சோதனையும் காட்டியதாக எனக்குத் தோன்றவில்லை.

நழுவிய ‘ஏ’ துண்டு செல்லின் புரதத் தயாரிப்புக்கு இன்றியமையாத ஈ.எப்.-2 என்ற காரணியை ஒவ்வொன்றாகச் செயலிழக்கச் செய்கிறது. ஒரு செல்லைக் கொல்ல ஒரே ஒரு ‘ஏ’ மூலக்கூறு போதும் என்று 1978-ல் ஜப்பானில் காட்டினார்கள். எலிக்கும் சுண்டெலிக்கும் இந்த நச்சு எளிதில் ஏறுவதில்லை, அவற்றின் எச்.பி.-ஈ.ஜி.எப். சற்றே வேறு அமைப்பு, பிடி கிடைக்காது. கினிப் பன்றிக்கு ஏறும். அந்தக் காலத்தில் நச்சுச் சோதனைக்குக் கூண்டில் கினிப் பன்றி வைத்திருந்ததன் காரணம் அது.

ஒரு மூலக்கூறு போதும் என்றால், டாக்டர் ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் விலை உண்டு. நச்சுமுறி ரத்தத்தில் திரியும் நச்சைத்தான் பிடிக்கும். செல்லுக்குள் போனதைத் தொடாது. பென்சிலினும் எரித்ரோமைசினும் கிருமியைக் கொன்று புதிய நச்சு சுரப்பதை நிறுத்தும். சுரந்ததை ஒன்றும் செய்யாது. ஆகவே படலத்தைப் பார்த்துச் சந்தேகம் வந்தவுடனேயே, ஆய்வகத்தின் பதிலுக்குக் காத்திருக்காமல் நச்சுமுறி கொடுக்க வேண்டும் என்பது எல்லா வழிகாட்டு நெறிகளிலும் இருக்கிறது. ஆய்வகத்தில் இருந்துகொண்டே இதைச் சொல்வது சிலருக்கு விசித்திரமாகப் படலாம். எங்கள் ரிப்போர்ட் அந்தப் பிள்ளைக்கு வரும் நேரத்தைவிட, அந்தப் பிள்ளையின் வீட்டிலும் வகுப்பிலும் இருக்கும் மற்றவர்களுக்கு வரும் நேரம் முக்கியம். அவர்களைத் தேடிப் பிடித்து மருந்தும் ஊசியும் கொடுக்க அதுவே ஆதாரம். ஒருமுறை புறநகர் மருத்துவமனை ஒன்றிலிருந்து ஸ்வாப்போடு ஒரு சீட்டு வந்தது: கல்ச்சர் பாசிட்டிவ் என்றால் மட்டும் நச்சுமுறிக்கு ஏற்பாடு செய்வோம் என்று எழுதியிருந்தார்கள். ஸ்வாப்பைக் கையில் வைத்துக்கொண்டே போன் செய்தேன். அன்று மதியமே மருந்து வரவழைத்தார்கள். பிள்ளை வீட்டுக்குப் போனான்.

ரண ஜன்னியில் நேரம் இன்னும் கொடியது. நச்சு தசையில் நரம்பு முனையைப் பிடித்து, நரம்பின் உள்ளே தண்டுவடம் வரை பின்னோக்கி ஏறி, அடுத்த நரம்புக்குத் தாவி, அங்கே அடக்கும் சமிக்ஞை வெளிவரத் தேவையான சினாப்டோபிரெவின் என்ற புரதத்தை வெட்டிவிடுகிறது. அடக்க ஆளில்லாத தசைகள் இறுகுகின்றன. தாடை இறுகும்போது நச்சில் ஒரு பகுதி எல்லாக் கட்டத்தையும் தாண்டியிருக்கும். நரம்பு மீள வாரங்கள் பிடிக்கும். நான் படித்த காலத்தில் பச்சிளங்குழந்தைகளின் ரண ஜன்னி கேள்விப்படாத விஷயமல்ல. தொப்புள்கொடியை எதைக்கொண்டு அறுத்தார்கள் என்று கேட்போம். கர்ப்பிணிகளுக்குத் தடுப்பூசியும் சுத்தமான பிரசவமும் சேர்ந்து அதை ஒழித்தன. 2015-ல் இந்தியா தாய்-சேய் ரண ஜன்னியை நீக்கிய நாடாக உறுதி செய்யப்பட்டது. தாயின் ரத்தத்திலிருந்து குழந்தைக்குப் போன எதிர்ப்புப் புரதம், நச்சு நரம்பைத் தொடுவதற்கு முன்பே அதைப் பிடித்துக்கொள்கிறது. எங்கள் தொழிலில் இதைவிட மகிழ்ச்சியான செய்தி நான் கேட்டதில்லை.

பூந்தமல்லி டிரங்க் ரோட்டிலேயே மேற்கே போனால் ராணிப்பேட்டை வரும். அங்கே 1932-லிருந்து கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையம் இருக்கிறது. ஆடு மாடுகளுக்கு அடைப்பான் நோய்க்கான தடுப்பூசி தயாராகும் இடம். அடைப்பான், அதாவது ஆந்த்ராக்ஸ், நச்சு மூன்று தனிப் புரதங்களாகப் பிரிந்தே சுரக்கிறது. ஒன்றுக்குப் பிடிக்கத் தெரியும், மற்ற இரண்டுக்கும் கெடுக்கத் தெரியும். பிடிப்பது செல்லின் மேல் ஒட்டியதும் செல்லின் நொதியே அதை நறுக்க, ஏழெட்டாகச் சேர்ந்து வளையமாகிறது. அந்த வளையத்தின் மேல் மற்றவை வந்து ஏறி உள்ளே போகின்றன. தனித்தனியே விட்டால் எதுவும் தீங்கு செய்யாது. மனிதருக்கான தடுப்பூசி அந்தப் பிடிக்கும் புரதத்தைக் குறிவைத்து அமைந்ததில் ஆச்சரியமில்லை.

இதில் இன்னொரு அடுக்கும் உண்டு. டிப்தீரியா நச்சின் மரபணு கிருமியுடையதல்ல, கிருமிக்குள் குடியேறிய ஒரு வைரசுடையது. 1951-ல் ஃப்ரீமேன் காட்டினார். காலரா நச்சின் மரபணுவும் வைரஸ் கொண்டுவந்ததுதான் என்று 1996-ல் வால்டரும் மெக்கலானோஸும் காட்டினார்கள். அந்த வைரஸ் விப்ரியோவுக்குள் நுழைய எதைப் பிடிக்கிறது தெரியுமா? விப்ரியோ குடலில் குடியேறப் பயன்படுத்தும் அதே மெல்லிய இழையை. நம் செல்லுக்கு நச்சு செய்வதைக் கிருமிக்கு முன்பே வைரஸ் செய்திருக்கிறது. இதைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

பிடிக்கும் பாகம் தனி, கெடுக்கும் பாகம் தனி என்று தெரிந்ததில் கிடைத்த பெரிய பலன், கெடுக்கும் பாகத்தை மட்டும் முடமாக்கலாம் என்பதுதான். 1971-ல் உச்சிடாவும் கில்லும் பாப்பன்ஹைமரும் டிப்தீரியா நச்சின் மாறிய வடிவங்களைப் பிரித்தெடுத்தார்கள். சி.ஆர்.எம்.197 என்ற வடிவத்தில் 52-வது இடத்தில் கிளைசினுக்குப் பதில் குளூட்டாமிக் அமிலம். அந்த ஒரே மாற்றத்தால் செல்லைப் பிடிக்கும், ஆனால் கொல்லாது. அந்தப் புரதத்தின் மேல் நிமோனியாக் கிருமியின் சர்க்கரை உறையை இணைத்தால், சர்க்கரை மட்டும் வந்தால் கண்டுகொள்ளாத பச்சைக் குழந்தையின் உடம்பு புரதத்தோடு சேர்த்து அதை நினைவில் வைத்துக்கொள்ளும். பூந்தமல்லியைச் சுற்றிய ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஆறாவது வாரத்திலும் பதினான்காவது வாரத்திலும் ஒன்பதாவது மாதத்திலும் குழந்தையின் தொடையில் போடும் நியூமோகாக்கல் ஊசிக்குள் இருப்பது அது. புதன்கிழமை வரிசையில் நிற்கும் தாய்மார்களைக் கடக்கும்போதெல்லாம், நூறு வருடம் குழந்தைகளைக் கொன்ற ஒரு மூலக்கூறு இப்போது அவர்களுக்காக வேலை செய்கிறது என்ற எண்ணம் வரும்.

2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு எங்கள் ஆய்வகத்தில் பேதிச் சாம்பிள்கள் குவிந்தன. பெரும்பாலும் காலரா இல்லை. ஈ. கோலை கிருமியில் ஒரு வகை காலரா நச்சின் நெருங்கிய உறவைச் சுரக்கும். அதற்கும் ஐந்து ‘பி’, அதுவும் ஜிஎம்1-ஐத்தான் பிடிக்கும். சிகிச்சையும் அதே பாக்கெட்தான். ஆகவே எந்தக் கிருமி என்று நான் கண்டுபிடிக்கும் வரை யாரும் காத்திருக்கத் தேவையில்லை என்று வாசலில் எழுதி ஒட்டினேன். லாரித் தண்ணீரில் குளோரின் இருக்கிறதா என்று பார்ப்பதும், குடத்துத் தண்ணீரைக் காய்ச்சுவதும் அதைவிட முன்னால் நிற்கும் வேலை.

சென்ற சில வருடங்களில் டிப்தீரியா பள்ளிப்பிள்ளைகளிடமும் பெரியவர்களிடமும் வரத் தொடங்கியிருக்கிறது. குழந்தையில் போட்ட முத்தடுப்பு ஊசியின் எதிர்ப்பு வருடங்கள் போகப் போகத் தேய்கிறது. 10 வயதிலும் 16 வயதிலும் ரண ஜன்னிக்கும் டிப்தீரியாவுக்கும் சேர்த்து டி.டி. ஊசி போடுவது அதற்காக. பலர் பத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். என் வகுப்புக்கு வரும் பிள்ளைகள் பதினேழு பதினெட்டு வயதுக்காரர்கள். தொண்டை ஸ்வாப் பயிற்சி தொடங்கும் முன் ஒவ்வொருவரும் தடுப்பூசி அட்டையைக் கொண்டுவர வேண்டும். தொலைந்துவிட்டது என்பவர்களை அரசு மருத்துவமனைக்கு அனுப்பி ஊசி போட்டுக்கொண்டு வரச் சொல்வேன். “மேடம், ஒரு பிளேட் திறக்கத்தானே?” என்று கேட்பார்கள். அட்டையைக் கையில் வாங்கிப் பார்த்த பிறகுதான் பிளேட்டைத் திறக்க விடுவேன்.